குரோஷாவுக்கும் நிட்டிங்குக்கும் எந்த நூல், எத்தனாம் நம்பர் ஊசி?

கீழக்கரையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "அக்கா, யூடியூப் பார்த்து, ஒரே கொக்கி ஊசியால் பின்னும் குரோஷாவில் செயின், சிங்கிள் குரோஷே, டபுள் குரோஷே என்ற அடிப்படைக் கண்ணிகள் வரை பழகிவிட்டேன். ராமநாதபுரம் கடையில் உல்லன் வாங்கி இரண்டு வயது மகளுக்கு ஒரு கவுன் பின்னினேன். போட்ட கொஞ்ச நேரத்தில் வேர்த்துக் கொட்டி, அரிக்கிறது என்று அழுது கழற்றிவிட்டாள். மறுபடி கடைக்குப் போனால் 'எத்தனை பிளை, எத்தனாம் நம்பர்' என்று கேட்கிறார்கள். ஒன்றும் விளங்கவில்லை. மகளுக்கு ஒரு கவுன், ஒரு பொம்மை, மீன் வாங்கப் போக ஒரு பை, வாப்பாவுக்கு ஒரு தொழுகைத் தொப்பி, இதற்கெல்லாம் என்ன நூல், எந்த ஊசி? இரண்டு ஊசியில் பின்னும் நிட்டிங்கும் பழக ஆசை."

தங்கச்சி, உங்கள் கைவேலையில் ஒரு குறையும் இல்லை. நம் ஊர்க் கடைகளில் 'உல்லன்' என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் கம்பளியே கிடையாது, அக்ரிலிக். வர்த்தமான், ஓஸ்வால் என்று லேபிளில் பார்த்திருப்பீர்கள்; லூதியானாப் பக்கம் குளிருக்கு ஸ்வெட்டர் பின்னுவதற்காக வரும் நூல். அந்த வேலைக்கு அருமையான நூல்தான். ஆனால் அது வேர்வையை உறிஞ்சாது, உடம்புச் சூட்டையும் வெளியே விடாது. நம் கரையில் காற்றே ஈரமாக இருக்கும். வேர்வை சீக்கிரம் காயாது. அந்த வேர்வையோடு அக்ரிலிக்கும் சேர்ந்தால் குழந்தை அழத்தான் செய்யும்.

நிறத்தைப் பார்த்து நூல் வாங்குவதை முதலில் விடுங்கள். பின்னி முடித்த பொருள் யார் உடம்பில் படப்போகிறது, எத்தனை தடவை தண்ணீரில் விழும், வெயிலில் கிடக்குமா, நெருப்புப் பக்கம் போகுமா என்று யோசியுங்கள். அது தெரிந்தால் நூல் ரகம் தானாக முடிவாகிவிடும். அதற்கப்புறம் பருமன். ஊசி கடைசியில்தான்.

உடம்பில் படும் எதற்கும் நம் கடற்கரையில் பருத்திதான். ஈரத்தை இழுத்துக்கொள்ளும், நனைந்தால் பலம் கூடுமே தவிரக் குறையாது, அடித்துத் துவைக்கலாம். பருத்தியிலும் இரண்டு விதம் உண்டு. ஒன்று பளபளப்பில்லாத சாதாரண மேட் காட்டன். மெத்தென்று இருக்கும், மேலே லேசாகப் பூப்பூவாக எழும்பும். இன்னொன்று மெர்சரைஸ்டு காட்டன். இங்கிலாந்தில் ஜான் மெர்சர் என்பவர் 1850இல் காப்புரிமை வாங்கிய முறை அது. நூலைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் பதப்படுத்துவார்கள். இழை உப்பி உருண்டையாகும், சாயம் நன்றாகப் பிடிக்கும், பலமும் கூடும். இழுத்துப் பிடித்தபடியே பதப்படுத்தினால் பளபளப்பும் வரும். தொப்பி, லேஸ், மேசை விரிப்பு மாதிரி டிசைன் எடுப்பாகத் தெரிய வேண்டியவற்றுக்கு இது. குழந்தை கவுனுக்கு மேட் காட்டன் இதமாக இருக்கும்.

பருத்திக்கு ஒரு குணம் உண்டு, அதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். இழுத்தால் திரும்பி வராது. கனமும் அதிகம். பருமனான பருத்தி நூலில் நீளக் கவுன் பின்னினால் அதன் எடையே அதைக் கீழே இழுத்து நாளுக்கு நாள் நீளமாக்கிவிடும். அதனால் துணிமணிக்குப் பருத்தி எடுத்தால் மெல்லிய நூலாக எடுங்கள்.

மூங்கில் நூல் என்று விற்பது விஸ்கோஸ் வகை. தொட்டால் குளுகுளுவென்று இருக்கும், அழகாக வழியும். ஆனால் நனைந்தால் பலம் குறையும், தொங்கும். சால்வைக்குச் சரி, பைக்கு ஆகாது. மில்க் காட்டன் என்று ஆன்லைனில் நிறைய விற்கிறார்கள். பெரும்பாலும் அக்ரிலிக்கும் பருத்தியும் கலந்தது. நூல் பிரியாமல் ஊசியில் ஓடும், நிறங்களும் ஏராளம், பொம்மைக்கு நல்லது. அசல் கம்பளி நம் ஊரில் பூச்சிக்குத்தான் தீனி. ஊட்டி, கொடைக்கானலில் படிக்கும் பிள்ளைக்குத் தொப்பி பின்னினால் தவிர அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

அக்ரிலிக்கை ஒதுக்கச் சொல்லவில்லை. விலை குறைவு, சாயம் போகாது, வெயிலைத் தாங்கும். வாசல் தோரணம், சுவரில் மாட்டும் அலங்காரம், கை பழக்குவது எல்லாவற்றுக்கும் அதுதான் லாபம். அடுப்படிக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள். சூடான சட்டியைப் பிடிக்கும் துணியை அக்ரிலிக்கில் பின்னினால் உருகிக் கையில் ஒட்டும். அது நூற்றுக்கு நூறு பருத்தியாகத்தான் இருக்க வேண்டும். அக்ரிலிக் மேல் சூடான இஸ்திரிப் பெட்டியும் வைக்கக் கூடாது. துணி துவண்டுபோய் மறுபடி எழும்பவே எழும்பாது.

லேபிள் இல்லாமல் கிலோக் கணக்கில் விற்கும் நூலும் கிடைக்கும். அது என்ன ரகம் என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, இடுக்கியில் பிடித்து, ஒரு தட்டுக்கு மேலாக நெருப்பில் காட்டுங்கள். பருத்தி சட்டென்று பற்றி, காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, தொட்டால் பொடியாகும் சாம்பலாகும். கம்பளி தயங்கித் தயங்கி எரியும், முடி கருகும் நாற்றம் வரும். அக்ரிலிக் சுருங்கி, உருகி, நுனியில் கறுப்பாகக் கெட்டி மணி போல் உறைந்துவிடும். அந்த மணியைச் சூடு ஆறும் வரை தொடாதீர்கள். கலப்பு நூல் என்றால் சாம்பலும் கெட்டியுமாக இரண்டும் இருக்கும். பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைச் செய்ய வேண்டாம்.

அடுத்தது பருமன். எல்லோரும் குழம்பும் இடம் இது. காரணம், ஒவ்வொரு தொழிலும் நூலுக்குத் தனித்தனியாக எண் போட்டு வைத்திருக்கிறது. பரமக்குடித் தறிக்காரரிடம் 80ஆம் கவுண்டு, 100ஆம் கவுண்டு என்பார்கள். அங்கே எண் ஏற ஏற நூல் மெலியும், ஏனென்றால் ஒரு பவுண்டு எடைக்கு 840 கஜ நீளமுள்ள சிட்டங்கள் (நூல் சுற்றுகள்) எத்தனை வருகின்றன என்பதே அந்தக் கணக்கு. பாம்பனில், மண்டபத்தில் வலை நூல் விற்கும் கடையில் 210/2/3, 210/6/3 என்பார்கள். 210 என்பது டெனியர், அதாவது 9000 மீட்டர் இழையின் எடை 210 கிராம். பின்னால் வருவது எத்தனை இழைகளை எப்படி முறுக்கியது என்பது. அங்கே எண் ஏறினால் நூல் தடிக்கும். குரோஷா காட்டனில் 10, 20, 40 என்று இருக்கும்; அது தறிக்காரர் பக்கம், 40 மெல்லியது, 10 தடித்தது. உல்லன் கடையில் பிளை என்பார்கள். அது ஏறினால் தடிக்கும்.

இந்த பிளையும் முழுசாக நம்பக்கூடியதல்ல. பிளை என்றால் எத்தனை இழை சேர்த்து முறுக்கியது என்று அர்த்தம். மெல்லிய நாலு இழையைச் சேர்த்தாலும் நாலு பிளை, தடித்த நாலு இழையைச் சேர்த்தாலும் நாலு பிளை. ஆனால் பின்னல் உலகத்தில் பழக்கத்தில் 4 பிளை என்றால் மெல்லிய ரகம், 8 பிளை என்றால் நடுத்தரம் என்று ஆகிவிட்டது. அந்த 8 பிளையைத்தான் லேபிளில் டி.கே. (டபுள் நிட்டிங்) என்று போடுவார்கள். அதற்கு அடுத்த தடிப்பு வொர்ஸ்டட், 10 பிளை அளவில் வரும்.

அமெரிக்காவின் கிராஃப்ட் யார்ன் கவுன்சில் இதற்கெல்லாம் 0 முதல் 7 வரை ஓர் எண் வரிசை வைத்திருக்கிறது. லேபிளில் நூல் கண்டுப் படம் போட்டு உள்ளே எண் இருந்தால் அது இதுதான். 0 லேஸ் நூல், 1 நாம் சொல்லும் 4 பிளை, 2 கொஞ்சம் தடித்தது, 3 டி.கே., 4 வொர்ஸ்டட், 5, 6 தடித்த ரகங்கள், 7 விரல் மொத்தத்துக்கு வரும் ஜம்போ. வீடியோ பார்த்துப் பின்னும்போது அவர்கள் காட்டும் எண்ணும் உங்கள் கையில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும்.

லேபிளே இல்லையென்றால் ஒரு ஸ்கேலை எடுத்து, அதன் மேல் நூலை இழுக்காமல், நெருக்காமல், ஒன்றையொன்று தொட்டபடி ஓர் அங்குலத்துக்குச் சுற்றுங்கள். சுற்றை எண்ணுங்கள். 14க்கு மேல் போனால் 4 பிளை மாதிரி மெல்லியது. 11, 12 வந்தால் டி.கே. 8 முதல் 10 வரை என்றால் வொர்ஸ்டட். கொஞ்சம் முன்பின் இருக்கும். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் நூலையும் புது நூலையும் பக்கத்தில் பக்கத்தில் சுற்றிப் பார்ப்பது இன்னும் நம்பகமானது.

ஊசியைப் பொறுத்தவரை ஒரே ஒரு விதி: நம்பர் கேட்காதீர்கள், மில்லிமீட்டர் கேளுங்கள். நம் கடைகளில் நிட்டிங் ஊசிக்குப் பழைய இங்கிலாந்து நம்பர் இன்னும் நடக்கிறது. அதில் 8ஆம் நம்பர் 4 மி.மீ., 10ஆம் நம்பர் 3.25 மி.மீ., 12ஆம் நம்பர் 2.75 மி.மீ.; எண் ஏற ஊசி மெலியும். அமெரிக்க நம்பரில் அதே 8 என்பது 5 மி.மீ., அங்கே எண் ஏற ஊசி தடிக்கும். அமெரிக்க வீடியோவில் 8 என்றார்களே என்று கடையில் 8 கேட்டு வாங்கினால் ஒரு முழு மில்லிமீட்டர் குறைந்துபோகும். லேஸ் பின்னும் சின்ன ஸ்டீல் ஊசிகளுக்கும் தனி நம்பர் இருக்கிறது. அதிலும் எண் ஏற ஏற மெலிவுதான். ஊசித் தண்டில் பொறித்திருக்கும் மி.மீ. அளவுக்கு மட்டும்தான் எந்த நாட்டிலும் ஒரே பொருள்.

குரோஷாவில் 4 பிளைக்கு 2.5 முதல் 3.5 மி.மீ., டி.கே.க்கு 4 அல்லது 4.5, வொர்ஸ்டடுக்கு 5 முதல் 6.5 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். நிட்டிங் ஊசி அதே நூலுக்கு ஒரு படி மெலிதாக இருக்கும்: 4 பிளைக்கு 2.25 முதல் 3.25, டி.கே.க்கு 3.75 முதல் 4.5, வொர்ஸ்டடுக்கு 4.5 முதல் 5.5. இது தொடங்குவதற்கான அளவு, சட்டம் இல்லை. சால்வை வழிய வேண்டும் என்றால் ஊசியைத் தடிக்க எடுங்கள். பொம்மையில் பஞ்சு வெளியே தெரியக் கூடாது என்றால் லேபிள் சொல்வதைவிட ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் குறைத்து எடுங்கள்.

அப்புறம் மாதிரித் துண்டு. இதைத் தவிர்க்கிறவர்கள்தான் அதிகம், அளவு தவறுகிறதே என்று வருந்துகிறவர்களும் அவர்கள்தான். எடுத்த நூலில், எடுத்த ஊசியில், போடப்போகும் அதே டிசைனில் 12, 13 சென்டிமீட்டர் சதுரமாக ஒரு துண்டு பின்னுங்கள். அதைத் துவைத்துக் காயப்போட்டு, நடுவில் 10 சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணி, எத்தனை வரிசை என்று எண்ணுங்கள். ஓரம் இழுத்துக்கொண்டிருக்கும், அதை எண்ண வேண்டாம். டிசைனில் 10 சென்டிமீட்டருக்கு 20 கண்ணி என்று போட்டு, சுற்றளவு 90 சென்டிமீட்டருக்கு 180 கண்ணி சொல்லியிருக்கிறார்கள் என்று வையுங்கள். உங்கள் கை இறுக்கம், 22 வருகிறது. அதே 180 கண்ணி உங்களுக்கு 82 சென்டிமீட்டரிலேயே முடிந்துவிடும். எட்டு சென்டிமீட்டர் குறைந்தால் அந்தச் சட்டை ஏறாது. 22 வந்தால் ஊசியை அரை மி.மீ. தடிக்க எடுங்கள், 18 வந்தால் மெலிய எடுங்கள். கையை இறுக்கியோ தளர்த்தியோ சரிசெய்யப் பார்க்காதீர்கள். பத்து வரிசை போனதும் கை தன் வழக்கத்துக்கே போய்விடும். பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும், அதனால்தான் துவைத்த பிறகு எண்ணச் சொல்கிறேன்.

இனி நீங்கள் கேட்டவை. கவுனுக்கு 4 பிளை மேட் காட்டன், 3 மி.மீ. ஊசி. சிங்கிள் குரோஷேயில் முழுதும் போட்டால் கெட்டித் துணியாகிக் காற்று புகாது. மார்புப் பகுதியை மட்டும் அப்படிப் போட்டு, பாவாடைப் பகுதியை டபுள் குரோஷேயில் கொஞ்சம் துளை விட்டுப் போடுங்கள். துளை ரொம்பப் பெரிதாக வேண்டாம், சின்ன விரல் மாட்டும். அரக்கு, மெரூன், கருநீலம் எடுத்தால் ஒரு முழம் நூலை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் இறங்கினால் வெள்ளையோடு சேர்த்துப் பின்னாதீர்கள். உப்பு போட்டால் நிற்கும், வினிகர் போட்டால் நிற்கும் என்பார்கள். கடையில் வாங்கிய பருத்தி நூலில் அது நடக்காது.

பொம்மைக்கு மில்க் காட்டன், 2.5 மி.மீ. ஊசி, முழுதும் சிங்கிள் குரோஷே. கண்ணுக்குப் பிளாஸ்டிக் மணி வைக்காமல் கறுப்பு நூலில் தைத்துவிடுங்கள். இரண்டு வயதுப் பிள்ளை பிய்த்து வாயில் போட்டுவிடும்.

மீன் பைக்குப் பருத்தி வேண்டவே வேண்டாம். மீன் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், எத்தனை துவைத்தாலும் வாடை போகாது. நைலான் வலை நூலிலேயே பின்னலாம். 210/6/3 சுமார் ஒரு மில்லிமீட்டர் இருக்கும், இரண்டு இழையாகச் சேர்த்து 3 அல்லது 3.5 மி.மீ. ஊசியில் போட்டால் நல்ல திடமாக வரும். தண்ணீர் ஊறாது, ஒரு வாளியில் முக்கி உதறினால் போதும். நைலான் வழுக்கும், முடிச்சு தானே அவிழும். நுனியை நீளமாக விட்டு உள்ளே பல வரிசைக்குக் கோத்து, கடைசி நுனியைத் தீக்குச்சியில் லேசாகச் சுட்டு அழுத்திவிடுங்கள். வெயிலில் தொங்கவிட்டால் நைலான் வலுவிழக்கும், நிழலில் காயப்போடுங்கள். காய்கறிக்கு, கடைத்தெருவுக்குத் தனிப் பை வேண்டும் என்றால் திருப்பூர் பனியன் துணி வெட்டலில் வரும் டி-ஷர்ட் நூல் இருக்கிறது. 8 மி.மீ.க்கு மேல் ஊசி வேண்டும், வேலை சீக்கிரம் முடியும், ஆனால் பை கனக்கும், கையும் வலிக்கும். அந்த நூல் ஒரே கண்டிலேயே சில இடம் தடித்தும் சில இடம் மெலிந்தும் இருக்கும் என்பதையும் பார்த்து வாங்குங்கள்.

வாப்பாவின் தொப்பிக்கு மெர்சரைஸ்டு குரோஷா காட்டன். மதுரா கோட்ஸ் பெயரோடு நம் வீடுகளுக்குப் பழக்கமான ஆங்கர் நூல் மாதிரி எதுவும் சரி. முதல் தொப்பி என்பதால் 10ஆம் நம்பர் நூல், 1.5 அல்லது 1.75 மி.மீ. ஸ்டீல் ஊசி எடுங்கள். கை பழகியதும் 20ஆம் நம்பருக்கு 1.25க்குப் போங்கள், பூ வேலை அதில்தான் துலங்கும். தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் தேவாலயப் பீடத் துணிக்கு ஓர லேஸ் போடுகிறவர்கள் இன்னும் மெலிய 40ஆம் நம்பர் எடுப்பார்கள். கண்ணுக்கு வேலை அதிகம், பகல் வெளிச்சத்தில் மட்டும் உட்காருங்கள். தொப்பியைத் தலைச் சுற்றளவைவிட ஓரிரு சென்டிமீட்டர் குறைத்துப் பின்னினால் பொருந்தும்.

நிட்டிங் பழகுவதற்கு மட்டும் பருத்தி வேண்டாம். நிட்டிங் துணியே இழுபடும் துணி. இழுத்தால் திரும்பும் நூலில்தான் கண்ணி சீராக விழும். வெளிர் நிற 8 பிளை அக்ரிலிக், 4 மி.மீ. ஊசி எடுத்துப் பழகுங்கள். கறுப்பில் கண்ணி தெரியாது. கை வந்த பிறகு பருத்தியில் போடும்போது ஊசியை ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள், தொய்வு குறையும். ஒரே அளவுத் துணிக்கு நிட்டிங்கைவிடக் குரோஷாவுக்கு நூல் அதிகம் செல்லும், சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வைத்துக்கொள்ளலாம்.

நம் காற்றில் உப்பு இருப்பதால் ஸ்டீல் ஊசி சீக்கிரம் துருப்பிடிக்கும், துரு நூலில் ஏறினால் போகாது. பின்னி முடித்ததும் துடைத்து மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். எண்ணெய் பூசினால் கறை படியும். பெரிய அளவுகளுக்கு அலுமினியம் போதும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு நூலைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் போகாமல் கட்டி வைத்தால் பருத்தியில் பூஞ்சை வரும். துணிப் பை நல்லது. துவைப்பதற்கு உவர்த் தண்ணீர்தான் என்றால் சோப்பு முழுதாக அலசாது, காய்ந்ததும் பருத்தி விறைத்துப்போகும். கடைசி அலசை மட்டும் குழாயில் வரும் காவிரித் தண்ணீரிலோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரிலோ செய்யுங்கள், மெத்தென்று இருக்கும். காயப்போடும்போது கொடியில் தொங்கவிடாமல் பாயில் விரித்துப் போடுங்கள்.

எவ்வளவு வாங்குவது என்பதற்குக் கிராமை மட்டும் பார்க்காதீர்கள், மீட்டரையும் பாருங்கள். 100 கிராம் அக்ரிலிக் டி.கே. 290 மீட்டர்கூட வரும். அதே பருமனில் பருத்தி 200 மீட்டர் பக்கம்தான் வரும். உங்கள் கவுனுக்கு ஒரு மாதிரித் துண்டை எடை போட்டுக் கணக்குப் போடலாம். எடை பார்க்க மட்டும் சரியாக 10க்கு 10 சென்டிமீட்டரில் தனியாக ஒன்று பின்னிக்கொண்டால் சமையல் தராசில் பார்ப்பது சுலபம். ஓர் உதாரணத்துக்கு 4 கிராம் என்று வையுங்கள். கவுன் நீளம் 40, சராசரி அகலம் 35 சென்டிமீட்டர், முன்னும் பின்னும் சேர்த்து 2800 சதுர சென்டிமீட்டர். அது 28 துண்டு, 112 கிராம். ஓரம், சுருக்கம், தோள் பட்டை எல்லாம் சேர்த்து 150 கிராம், அதாவது 50 கிராம் கண்டு மூன்று. நாலாவதையும் அன்றைக்கே வாங்கிவிடுங்கள். லேபிளில் நிற எண்ணுக்குப் பக்கத்தில் லாட் எண் என்று ஒன்று இருக்கும், நாலு கண்டிலும் அது ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். லாட் மாறினால் ஒரே நிற எண் என்றாலும் சாயல் மாறும், பாவாடை நடுவில் கோடு போட்டது போல் தெரியும். பிரிக்காத கண்டைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்றும் பில் போடும்போதே கேட்டுவிடுங்கள்.